பெற்றோர் மேல் மட்டும் பழியா?

அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் பழச்சுவை மின் சிகரெட்டுகள் இன்னும் புழங்குவதற்குப் பெற்றோரின் கவனக்குறைவே காரணம் என்று உங்கள் கட்டுரை முடிகிறது. என்னால் ஏற்க முடியவில்லை. அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 ஜனவரியில் எடுத்த முடிவைப் பாருங்கள். ஜூல் போன்ற மின் சிகரெட் கருவிகளில் செருகும் நிகோட்டின் குப்பிகளில் பழச்சுவை, புதினாச் சுவை கூடாது என்றார்கள். குளிர்ச்சி தரும் மென்தால் சுவைக்கு மட்டும் விலக்கு. பயன்படுத்தித் தூக்கி எறியும் வகைகள் பெரும்பாலும் தப்பின! பிள்ளைகள் அப்படியே பஃப் பார் என்ற தூக்கி எறியும் வகைக்கு மாறினார்கள். நிர்வாகத்தின் எச்சரிக்கைக் கடிதம் போனதும் பஃப் பார் நிறுவனம் சிறிது காலம் ஒதுங்கியது. 2021இல், தங்கள் நிகோட்டின் புகையிலையிலிருந்து எடுத்ததல்ல, செயற்கையானது என்று சொல்லித் திரும்பி வந்தது. சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க 2022 ஆகிவிட்டது. அதற்குள் கடைகளில் எல்ஃப் பார் என்ற இன்னொரு தூக்கி எறியும் வகை. இதில் பெற்றோர் எதைக் காவல் காப்பது?

பயன்பாடு குறைந்திருப்பது உண்மைதான். 2019இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் கால்வாசிக்கு மேல் பயன்படுத்தினார்கள். 2024இல் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டிலும் பயன்படுத்திய மாணவர்களில் ஏறத்தாழ 88 சதவீதம் பேர் சுவையூட்டியதைத்தான் நாடினார்கள். கட்டுரையில் இந்த எண்ணைக் காணோம்.

இந்தியாவில் 2019 முதல் மின் சிகரெட்டுகளின் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாமே குற்றம். அந்தச் சட்டம் இங்கே எப்படி நடைமுறையாகிறது என்று அடுத்த கட்டுரையில் விசாரித்து எழுதுங்கள்.