பெரியப்பாவுக்குச் சொல்லாமல் விட்ட பதில்

போன ஞாயிறு பூசை முடிந்து மயிலாடுதுறையில் ஒரு டீக்கடையில் நின்றோம். என் கையில் தத்துவ ஞானியான புனித அகுஸ்தினார் பற்றிய புத்தகத்தைப் பார்த்ததும் பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். "பைபிள் இருக்கு, அப்புறம் தத்துவம் எதுக்குடா? மூளையைக் குழப்பிக்கவா?" அவரிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அவர் முகநூலில் இல்லாத தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

அரை மணி நேரம் முன்னால்தானே பெரியப்பா, விசுவாசப் பிரமாணத்தில் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று சத்தமாகச் சொன்னீர்கள்? அந்தச் சொல் பைபிளில் எங்கேயும் இல்லை. 325இல் நீசேயா நகரில் கூடிய ஆயர்கள், கிரேக்கத் தத்துவத்தில் புழங்கிய 'ஊசியா' (ஒன்றின் அடிப்படைப் பொருள்) என்ற சொல்லை ஒட்டி அதை வைத்தார்கள். ஆசைப்பட்டு வைக்கவில்லை, வேறு வழியில்லாமல் வைத்தார்கள். மகனும் படைக்கப்பட்டவர்தான் என்று போதித்த ஆரியுஸ் என்ற குருவும் பைபிளைத்தான் காட்டினார், எந்த வசனத்தை எடுத்துப் போட்டாலும் அவர் தரப்பு தங்களுக்குத் தோதாக ஒரு விளக்கம் சொல்லி நழுவியது, கடைசியில் வசனத்தைக் காப்பாற்ற வசனத்தில் இல்லாத ஒரு சொல் வேண்டியிருந்தது. வேதத்தில் இல்லாத சொல்லா என்று அன்றைக்கே சிலர் முணுமுணுத்தார்கள், அவர்களும் பெரியப்பா கட்சி.

"ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்", அதாவது தத்துவத்துக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கதை இன்னும் வேடிக்கை. ஆன்மாவுக்கும் உடல்தன்மை உண்டு என்று அவர் எழுதியது ஸ்டோயிக் என்ற கிரேக்கத் தத்துவக்காரர்களிடமிருந்து எடுத்ததுதான்.

நம் பக்கத்திலேயே இருக்கிற திருவாவடுதுறை, தருமபுரம் சைவ மடங்களில் இந்தச் சண்டையே கிடையாது. 12 திருமுறை தோத்திரம், அதாவது பக்திப் பாட்டு; மெய்கண்டார் பெயரால் வழங்கும் 14 நூல்கள் சாத்திரம், அதாவது தத்துவம். பாடுகிற வாய்தான் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) என்று பிரித்தும் பேசுகிறது. நாம் மட்டும் ஏன் பக்தி, தத்துவம் இரண்டையும் பங்காளிச் சண்டை மாதிரி பார்க்கிறோம் என்று எனக்குப் புரியவே இல்லை.

சரி, காலில் கொப்புளத்தோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவருக்கு அரிஸ்டாட்டில் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன வருஷம் அந்த நடையில் தம்பி மகன், "தாத்தா, மாதாவும் சாமியா?" என்று கேட்டபோது, நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "வணக்கம் வேற, ஆராதனை வேற, மாதாவுக்கு வணக்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான்" என்று பிரித்துச் சொன்னது யார் பெரியப்பா?