கரை ஒதுங்கிய பொருளுக்கு வர்ணம் பூசாதீர்கள்

கடற்கரையில் பொறுக்கியதை வைத்துக் கலை செய்ய ஆசை, எங்கே தொடங்குவது, வேலையை விட்டுவிடலாமா என்று பலர் கேட்கிறீர்கள். அந்த ஆசை உங்களை உட்காரவிடாமல் படுத்துகிறதென்றால் நாளைக்கே தொடங்குங்கள். வேலையை விட வேண்டியதில்லை, விடிகாலை ஒரு மணி நேரம் போதும். "குப்பை பொறுக்கப் போறியா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கடல் கொண்டுவந்த பொருளுக்கு வர்ணம் பூசாதீர்கள்.

நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்து நீரோடிப் பக்கம். தமிழ்நாட்டுக் கரை இங்கே முடிகிறது, அடுத்த பொழியூர் கேரளம். ஆனி, ஆடியில் கடல் சீறும்போது கரை மணலை அரித்துவிட்டு, அறுந்த வலை, தங்கூசி என்கிற நைலான் தூண்டில் நூலின் சுருள், வள்ளத்தின் உடைந்த பலகை, ஒற்றைச் செருப்பு என்று எல்லாவற்றையும் தூண்டில் வளைவுக் கற்களுக்கு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கற்கள்) நடுவே திணித்துவிடும். (அந்த இடுக்கில் தயவுசெய்து இறங்காதீர்கள். அலை எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது.)

இதை எழுதும் மேசையில் ஒரு வலை மிதவை கிடக்கிறது. வெயில் பட்ட பக்கம் வெளுத்து, தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறது. தண்ணீருக்குள் இருந்த பக்கம் ஆரஞ்சு நிறம் அப்படியே இருக்கிறது, அதன்மேல் கொட்டலசு, அதாவது பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் ஓட்டுயிர், அப்பியிருக்கிறது. துளையில் ஒரு முழம் கயிறு, அதில் ஒரு முடிச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவர், கடலுக்குப் போய் ஓய்ந்தவர், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, இது நம்ம கரையில போடுற முடிச்சு இல்ல." எந்தப் பக்கம் மேலே மிதந்தது, வெயிலில் எவ்வளவு காய்ந்தது, யார் கை கட்டியது என்பதெல்லாம் அந்த ஒரு மிதவையிலேயே இருக்கிறது. இதைச் சுரண்டி, தங்க நிற ஸ்பிரே அடித்துப் பூந்தொட்டி ஆக்கினால் கடையில் வாங்கிய புது மிதவைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒட்டிக்கொண்டு வருவதற்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. மணவாளக்குறிச்சியிலிருந்து வெளிநாட்டுக்குப் போன தென்னந் தும்பில் ஒட்டியிருந்த மணலில்தான் 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் மோனசைட் என்ற மதிப்புமிக்க தோரியக் கனிமத்தைக் கண்டார். அந்தத் தும்பை யாராவது நன்றாக உதறிக் கழுவி அனுப்பியிருந்தால் அவர் கையில் எதுவும் சிக்கியிருக்காது.

அமெரிக்காவில் ஒரிகன் கரையோரம் பேண்டன் என்ற ஊரில் ஏஞ்சலா ஹேசல்டைன் போஸி 2010இல் தொடங்கிய திட்டத்தில், கரை ஒதுங்கிய பிளாஸ்டிக்கில் பெரிய பெரிய மீன்களும் பறவைகளும் செய்கிறார்கள். தூரத்தில் மீன், பக்கத்தில் போனால் பாட்டில் மூடியும் கயிறும். எனக்கு வேண்டியதும் அந்த மாதிரி வேலைதான்.

சுற்றுலாக் கடைகளில் பளபளக்கும் சங்கு, சோவிகளை இதோடு சேர்க்காதீர்கள். அவற்றில் பல, உயிரோடு பிடித்துச் சதையை நீக்கி அமிலத்தில் கழுவியவை. அதைக் கடலின் பரிசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பவளத் துண்டு, கடல் விசிறி, ஆமை ஓடு, இவை செத்துக் கரையில் கிடந்தாலும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கணவாய் ஓடு தாராளமாக எடுக்கலாம். நகம் பட்டாலே கோடு விழும் அளவுக்கு மென்மை. அதில் அச்சு வெட்டி வெள்ளி வார்க்கும் பழைய முறையும் உண்டு.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் சரக்குக் கப்பல் மூழ்கிய பிறகு எங்கள் கரைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் மணிகள் வந்தன. பார்க்க முத்து போல் அழகாக இருக்கும், ஆனாலும் வெறும் கையால் அள்ளாதீர்கள். கடல்நீரில் உள்ள நச்சை அவை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் இன்னொன்று. ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் வலையைக் கரையில் விரித்துப் பழுது பார்ப்பார்கள். அனாதையாகக் கிடப்பது போலத் தெரிந்தாலும் அதற்கு உரிமையாளர் இருப்பார். கேட்டுவிட்டு எடுங்கள். வெட்டிப்போட்ட துண்டு என்றால் அவர்களே கொடுத்துவிடுவார்கள், அந்த வலையில் என்ன மீன் பட்டது என்றும் சொல்வார்கள்.