பழைய ரேடியேட்டரைக் கழுவினால் ஈயம் போய்விடுமா?

"பழைய கார் ரேடியேட்டரை வினிகர் ஊற்றிக் கழுவிவிட்டால், வீட்டில் செய்யும் வடிகலத்துக்கு (திரவத்தைக் கொதிக்கவைத்து வடிக்கும் சாதனம்) கண்டென்சராக, அதாவது ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் பாகமாகப் போடலாம்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு, ஆளையே முடக்கிவிடும் தவறு. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களில் குழாய்கள் சேரும் இடமெல்லாம் ஈயம் கலந்த பற்றாசுதான் (உலோகத்தை ஒட்டவைக்கும் சால்டர்). அது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, இணைப்பே அதுதான், அப்புறம் எப்படிக் கழுவி எடுப்பது? வினிகரில் உள்ள அமிலம் ஈயத்தை இன்னும் கரைக்கத்தான் செய்யும். ரேடியேட்டரில் ஓடிய கூலன்ட் திரவத்தின் எத்திலீன் கிளைக்கால் எச்சம் வேறு, சிறுநீரகத்தையே கெடுக்கும். கரைந்த ஈயம் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வடித்ததைக் கொளுத்தி, சுடரின் நிறத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, தயவுசெய்து நம்பாதீர்கள்.

கண்டென்சர் செய்ய 304 அல்லது 316 ரக எவர்சில்வர், சுத்தமான செம்பு, ஈயமில்லாத பற்றாசு போதும். சூடான ஆவி படும் இடத்தில் பிளாஸ்டிக் குழாய் வேண்டவே வேண்டாம்.