தசமபாகம் போக மீதி தொண்ணூறு

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாரோ ஒரு பாட்டி காணிக்கையாகக் கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டு ஆயிரக்கணக்கில் போகும். கேட்டவருக்கும் சந்தோஷம், சபைக்கும் வரவு. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏலம் விடுகிறவரின் கிண்டலுக்காகவே கடைசிவரை உட்கார்ந்திருப்பேன். ஆனால் அந்தக் கட்டை எடுத்தவரின் கடையில் நிற்கும் பையனுக்குப் போன மாதச் சம்பளம் வந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று வேதத்தில் யாக்கோபு 5:4 சொல்கிறது. அறுப்பின் பண்டிகையில் அந்த வசனத்தைப் பிரசங்கித்து நான் கேட்டதே இல்லை.

பண ஆசையைப் பற்றிச் சபைகளில் பேசாமல் இல்லை. பேச்சு கடைசியில் காணிக்கையில் போய் முடிகிறது, அவ்வளவுதான். மல்கியா 3:10ஐ எடுப்பார்கள். பத்தில் ஒன்றைக் கொடு, வானத்தின் பலகணிகள் திறக்கும். கொடுத்தாயிற்றா? சரி, மீதி தொண்ணூறு எப்படி வந்தது என்பது உன் பாடு. வேதம் நம்மை இவ்வளவு சுலபமாக விடவில்லை என்பதுதான் என் கட்சி.

லூக்கா 19இல் வரும் சகேயு எரிகோவில் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிக்கிறவர்களுக்குத் தலைவன், ஐசுவரியவான். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்கிறான். நம் ஆட்களாக இருந்தால் இங்கேயே கைதட்டிக் கல்வெட்டில் பேர் போட்டிருப்போம். அவன் அதோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை 'நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்' என்கிறான். யாத்திராகமம் 22இல் ஆடு திருடி விற்றவனுக்கு விதித்த அபராதம் அது, ஓர் ஆட்டுக்கு நாலு ஆடு. ஆக, கூடுதலாக வசூலித்ததை அவன் கமிஷன் என்றோ சாமர்த்தியம் என்றோ சொல்லிக்கொள்ளவில்லை. திருட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டான். தர்மம் செய்வது வேறு, பிடுங்கினதைத் திருப்புவது வேறு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்கப்புறம்தான்.

ஏழை விதவை ஒருத்தி தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட சம்பவமும் இப்படித்தான். காணிக்கைப் பிரசங்கத்துக்கு அதைவிட வசதியான பகுதி கிடையாது. ஆனால் மாற்கு 12இல் அதற்கு நேர் முந்தின 40ஆம் வசனம், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதத்தைப் போதிக்கிறவர்களைப் பற்றியது. அடுத்த அதிகாரம் தொடங்கினதும், அந்த ஆலயமே ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி இடிக்கப்படும் என்கிறார் இயேசு. அவளை அவர் பாராட்டினது உண்மை. அவளைச் சுரண்டியவர்களையும் விட்டுவைக்கவில்லை. கடனில் முழுகின குடும்பத்திடம் 'விசுவாசத்தோடு விதையுங்கள்' என்று கவர் நீட்டுகிறவர்கள் அந்த 40ஆம் வசனத்தை எங்கே ஒளித்துவைக்கிறார்களோ!

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய பிரசங்கியார் ஜான் வெஸ்லியின் 'சம்பாதி, சேமி, கொடு' நம் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 18ஆம் நூற்றாண்டில் அவர் அந்தச் 'சம்பாதி'க்குப் போட்ட நிபந்தனைகளை யாரும் சொல்வதில்லை. அயலானின் வியாபாரத்தைக் கெடுக்க விலையைக் குறைத்து விற்காதே, அவன் வேலையாட்களை ஆசைகாட்டி இழுக்காதே, சாராயம் காய்ச்சி விற்காதே. எப்படிச் சம்பாதிக்கிறாய் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் அவர் கொடுப்பதற்கே வந்தார்.

இதைக் கடைக்காரர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. சபைக்கும் கணக்கு உண்டு. அடுத்த வரவு செலவுக் கூட்டத்தில், கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்குட்டிக்கு மாதம் என்ன கொடுக்கிறோம், பள்ளிக்கூடம் நடத்துகிற சபையாக இருந்தால் அங்கே டீச்சருக்குக் கைக்கு எவ்வளவு வருகிறது என்று ஒருவராவது எழுந்து கேளுங்கள். கோபுரத்துக்கு வர்ணம் அடிப்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.