நியாண்டர்தால்கள் அறிவில்லாமல் அழியவில்லை

ஆளாளுக்கு அந்த ரீலை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "அறிவில்லாதவன் அழிந்தான், அறிவுள்ளவன் ஆள்கிறான்" என்று, நம்மோடு நெருங்கிய உறவுள்ள, மறைந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களின் கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் பயிற்சி வகுப்புக்கு ஆள் சேர்க்கிறாரே, அதேதான். பேச்சு நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் சொன்னது தப்பு.

அவர்களிடம் குறைவாக இருந்தது அறிவு இல்லை, ஆட்கள். ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை சின்னச் சின்னக் கூட்டங்களாகச் சிதறிக் கிடந்தார்கள். சைபீரியாவின் சகிர்ஸ்கயா குகை எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2022ல் வெளியிட்டார்கள். அதில் ஓர் அப்பாவும் அவருடைய பதின்வயது மகளும் இருக்கிறார்கள், அந்தக் கூட்டமே பத்து இருபது பேர்தான் இருந்திருக்கும் என்கிறார்கள். அதே அல்தாய் மலைப் பகுதியில் தெனிசோவா குகையில் கிடைத்த நியாண்டர்தால் பெண்ணின் பெற்றோர், தாயோ தந்தையோ ஒன்றாக உள்ள அண்ணன் தங்கை அளவுக்கு நெருங்கிய உறவு.

இருபது பேரில் இரண்டு பெண்கள் பிரசவத்தில் போய்விட்டால் என்ன ஆகும்? வரிசையாக ஆண் பிள்ளைகளாகவே பிறந்தால் அவர்களுக்குத் துணை எங்கே கிடைக்கும்? பெரிய கூட்டம் தாங்கும், சின்னக் கூட்டம் தாங்காது. 2019ல் கிறிஸ்ட் வேசன் என்ற ஆய்வாளரின் குழு கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்து, நெருங்கிய உறவில் பிள்ளை பெறுவது, துணை கிடைக்காமல் போவது, பிறப்பு இறப்பில் வரும் தற்செயலான ஏற்ற இறக்கம், இவையே அவர்கள் மறையப் போதுமானதாக இருந்திருக்கலாம் என்றது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வின் கணக்கில், இளம்பெண்களின் கருவள விகிதம் வெறும் 2.7% குறைந்தாலே 10,000 ஆண்டுக்குள் கதை முடிந்துவிடுகிறது. இதில் அறிவு எங்கே வந்தது?

"நம் இன மனிதர்கள் அங்கே போன பிறகுதானே மறைந்தார்கள்?" என்பீர்கள். ஆமாம், சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பு, நாம் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். போட்டி இருந்திருக்கும். ஏற்கெனவே மெலிந்து கிடந்த கூட்டத்தின்மேல் விழுந்த அடி அது. ஆள் பலம் இருந்தவன் ஜெயித்தான் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

"ஒரு ரீலுக்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்பவர்களுக்கு: என் தாய்மாமாவுக்குச் சின்ன வயதில் போலியோ. "வலியது வாழும்" பாடம் நடத்திய ஆசிரியர், கால் ஊனமான மானைச் சிங்கம் பிடிக்கும் கதையைச் சொல்லி, இவரைப் பார்த்துச் சிரித்தாராம். வகுப்பே சிரித்ததாம். அந்த மாமாதான் சம்பாதித்து என்னைப் படிக்க வைத்தார். இப்போது அந்த ரீலின் கீழே "தகுதி இல்லாதவன் சாகத்தான் வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. மாமாவும் முகநூலில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாதா?

ஈராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த நியாண்டர்தால் ஆணுக்கு ஒரு கை சூம்பிப்போயிருந்தது, ஒரு கண்ணில் பார்வை அநேகமாக இல்லை, காலும் சரியில்லை. அப்படியும் பல வருடங்கள் வாழ்ந்திருக்கிறார். யாரோ உணவு கொடுத்திருக்கிறார்கள், யாரோ கூடவே நடந்திருக்கிறார்கள்.

ஓர் எலும்புக்கூட்டை வைத்து முடிவுகட்டாதே என்று யாராவது வருவீர்கள். பிரான்ஸில் 1908ல் கிடைத்த, மூட்டுவாதத்தால் உருக்குலைந்த ஒரு வயதான நியாண்டர்தாலின் எலும்புகளை வைத்துத்தான் மார்சலின் பூல் என்ற ஆய்வாளர் நியாண்டர்தால்கள் எல்லோரையுமே கூன் விழுந்தவர்களாக, பாதி மிருகமாகக் காட்டினார். நூறு வருடம் தாண்டியும் அந்தப் படத்தைத்தானே பகிர்கிறீர்கள். அதற்கு மட்டும் ஓர் எலும்புக்கூடு போதுமாக இருந்ததா?