ஆப்பில் தெரியாத விமானம் ரேடாரிலும் தெரியாதா?

ஒரத்தநாடு பக்கம் பெருஞ்சத்தத்தோடு ஜெட் போனதாகவும், பறக்கும் விமானங்களை வரைபடத்தில் காட்டும் பிளைட்ரேடார்24 ஆப்பில் எதுவும் தெரியாததால் டெல்டா வானத்தை யாருமே கண்காணிக்கவில்லை என்றும் ஒரு பதிவு சுற்றுகிறது. சத்தம் உண்மையாகவே இருக்கும். முடிவுதான் சரியில்லை அண்ணே.

அந்த ஆப் பெரும்பாலும் காட்டுவது, விமானம் தன் இடம், உயரம், வேகத்தைத் தானாகவே ரேடியோவில் ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி தகவலை. அதைப் பிடிப்பது ஆர்வலர்கள் மொட்டை மாடியில் வைத்திருக்கும் சின்ன ரிசீவர்கள். விமானம் ஒலிபரப்பாவிட்டால் ஆப்பில் பொதுவாக ஒன்றும் வராது. போர் விமானங்கள் பல நேரம் ஒலிபரப்புவதில்லை. தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரைமரி ரேடார் வேலை செய்யும் விதமே வேறு. அது ரேடியோ அலையை அனுப்பி, விமானத்தின் உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கிறது. விமானம் பதில் சொல்லத் தேவையில்லை. விமானப்படையின் ஐஏசிசிஎஸ் என்ற வான் கண்காணிப்பு, கட்டுப்பாட்டு அமைப்பு ராணுவ ரேடார்களோடு சிவில் ரேடார் தகவலையும் ஒரே திரையில் சேர்க்கிறது. அந்தத் திரை நம் கைபேசிக்கு வராது, வரவும் கூடாது.

நீங்களே பார்க்கலாம். திருச்சியில் இறங்கும் பயணிகள் விமானம் ஒன்றை ஆப்பில் தொட்டு, விவரத்தில் தகவல் எங்கிருந்து வருகிறது என்ற வரியைப் படியுங்கள், பெரும்பாலும் ஏடிஎஸ்-பி என்றிருக்கும். எல்லா விமானமும் ஏன் தெரிவதில்லை என்பதை பிளைட்ரேடார்24 காரர்கள் தங்கள் இணையதளத்திலேயே விளக்கியிருக்கிறார்கள். 2020 படைப்பிரிவுச் செய்தி மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபி இணையதளத்தில் கிடைக்கும்.