யென்ஸ் ஃபோக்ட் வெறும் மீம் இல்லை

ஜெர்மன் சைக்கிள் பந்தய வீரர் யென்ஸ் ஃபோக்ட்டைப் பற்றி, "ஷட் அப் லெக்ஸ் (கால்களே, வாயை மூடுங்கள்) என்ற ஒரு வசனத்தால் இணையத்தில் பிரபலமானவர், டூர் டி பிரான்ஸில் எதுவும் ஜெயிக்காதவர், கடைசியில் மெர்க்ஸையே முந்திவிட்டார்" என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறார்கள். மூன்றுமே சறுக்கல்.

டூரில் 2001, 2006 என இரண்டு ஸ்டேஜ் (ஒரு நாள் கட்டம்) வெற்றிகள் உண்டு. 2001, 2005இல் தலா ஒரு நாள், ஒட்டுமொத்தமாக முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியும் அணிந்தார். 2006இல் மோன்டெலிமார் வரை 230 கி.மீ. ஸ்டேஜில் முன்னால் பிரிந்துபோன ஐவரில் முதலில் வந்தவர் இவர்தான். பெரிய கூட்டம் ஏறத்தாழ 30 நிமிடம் பின்தங்கியது. அதே குழுவில் இருந்த பெரெய்ரோவுக்குப் பிறகு டூர் பட்டமே கிடைத்தது, முதலில் வந்த லாண்டிஸ் ஊக்கமருந்தில் சிக்கியதால். கிரிட்டேரியம் இன்டர்நேஷனல் பந்தயத்தையும் ஐந்து முறை வென்றார். வசனம் பரவியதே இந்தப் பிடிவாத ஓட்டத்தால்தான்.

மெர்க்ஸை முந்தியதாகச் சொல்லும் மணி நேர சாதனைக்கு (ஒரு மணி நேரத்தில் ஓட்டும் தூரம்) வருவோம். 1972இல் பெல்ஜிய ஜாம்பவான் மெர்க்ஸ் 49.431 கி.மீ. ஓட்டியது சாதாரண வளைந்த ஹேண்டில்பாரில். ஃபோக்ட் 2014 செப்டம்பரில், 43 வயதில், சுவிட்சர்லாந்தின் கிரென்ஹெனில் 51.11 கி.மீ. ஓட்டியது காற்றுத் தடையைக் குறைக்கும் ஏரோபார் கைப்பிடியும் டிஸ்க் சக்கரமும் வைத்து; இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. அந்த ஆண்டுதான் யுசிஐ (சர்வதேச சைக்கிள் அமைப்பு) சைக்கிள் குறித்த விதியைத் தளர்த்தியிருந்தது. அவர் முறியடித்தது செக் வீரர் சொசென்காவின் 49.7 கி.மீ. ஃபோக்ட்டின் சாதனையும் ஆறு வாரத்தில் ஆஸ்திரிய வீரர் பிராண்ட்லேயிடம் போய்விட்டது.